ஒரே பாதையில் குளிர்காலப் பறவைகள்: இதுவரை செய்து பார்த்தவை

இந்தக் குளிர்காலத்தில், வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய நீர்க்கரைப் பாதை ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அங்கு வரும் பறவைகளைக் காலைதோறும் படம் எடுத்து வருகிறேன். பெயர்பெற்ற சரணாலயங்களில் பறவைகள் மிகுதியாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பறவை எந்த நேரத்தில் எங்கே வந்து அமரும், எதைக் கண்டால் பறந்துவிடும் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்துத்தான் அறிய முடியும். நல்ல படத்துக்கு லென்ஸின் நீளத்தைவிட இந்தப் பழக்கமே அதிகம் உதவுகிறது என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

மீன்கொத்தியிடம் இது தெளிவாகப் புலப்பட்டது. தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் சில கிளைகளையே அது மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. எச்சம் வெள்ளையாகப் படிந்த கிளையைப் பார்த்துவைத்துக்கொண்டு, பறவை வருவதற்கு முன்பே சற்றுத் தள்ளி ஒரு மரத்தை ஒட்டி அசையாமல் உட்கார்ந்துவிட்டால் போதும். பிடித்த மீனைக் கிளையில் அடித்து, தலைப்பக்கம் முதலில் போகும்படி திருப்பி விழுங்குவது வரை முழுவதையும் வரிசையாகப் பதிவுசெய்ய முடிந்தது. வாலாட்டியும் உள்ளானும் வேறு வகை. கரையோரமாக ஓடியோடி இரை பொறுக்கும் அவை போகும் திசையைக் கவனித்து, வெகுதூரம் சுற்றி முன்னால் போய்த் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால், தாமாகவே நெருங்கி வருகின்றன. கேமராவைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிய நாள் முதல் படங்களின் தோற்றமே மாறிவிட்டது. பறவையின் கண்மட்டத்தில் பார்க்கும்போது பின்னணி வெகுதூரம் விலகி மென்மையாகக் கரைகிறது; நின்றபடி எடுத்தால் அதே பறவைக்குப் பின்னால் சேறுதான் தெரியும்.

குளிர்காலத்தின் பெரும் கொடை வெளிச்சம். நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய இடங்களில் இந்தப் பருவத்தில் சூரியன் உச்சிக்கு ஏறாமல் தாழ்வாகவே நகர்வதால், சாய்வான இதமான ஒளி வெகுநேரம் நீடிக்கிறது. விடியலில் மட்டும் ஒளி போதாது. ஆகவே அமர்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, ஓடும் வாலாட்டிக்கு 1/1250, பறப்பதற்கு 1/2000 என்று ஷட்டர் வேகத்தை நானே வைத்துக்கொண்டு, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓவைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். ஐஎஸ்ஓ 3200-ஐத் தொடும்போது தோன்றும் புள்ளிகளை மென்பொருளில் பின்னர் குறைத்துக்கொள்ளலாம். அசைவால் கலங்கிய கண்ணை அப்படிச் சரிசெய்ய முடிவதில்லை. கொக்குக்கு இன்னொரு கவனம் வேண்டும். கரிய நீர் சட்டகத்தை நிறைத்திருக்கும்போது, கேமரா மொத்தக் காட்சியையும் இருட்டு என்று கணித்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவதால், வெள்ளை இறகுகள் விவரமின்றி வெளுத்துப்போகின்றன. எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் வரை, அதாவது பதிவாகும் ஒளியைப் பாதி வரை, குறைத்தால் இறகின் இழைகள் தப்புகின்றன. வெளிறிய வானத்தின் எதிரே அமர்ந்திருக்கும் நீர்க்காகத்துக்கு இதற்கு நேர்மாறாகக் கூட்டுகிறேன்.

நிற்கும் இடத்தையும் இப்போது காற்றைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறேன். பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்கொண்டே எழும்புகின்றன, இறங்குகின்றன. காற்றும் சூரியனும் முதுகுப் பக்கம் அமைகிற காலைகளில், அவை முகம் தெரிய நம்மை நோக்கியே எழும்பும்.

படங்களைவிட எனக்கு நிறைவளித்தது, குளிரைப் பறவைகள் தாங்கும் விதத்தை அருகிருந்து கண்டதுதான். சாம்பல் நாரை குளிர்ந்த நீரில் ஒற்றைக்காலில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அதன் காலில், கீழே இறங்கும் வெதுவெதுப்பான இரத்தமும் மேலே திரும்பும் குளிர்ந்த இரத்தமும் ஒட்டியொட்டி ஓடும் நாளங்களில் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன. மற்றொரு காலை இறகுக்குள் இழுத்துக்கொண்டால் வெப்ப இழப்பு இன்னும் குறைகிறது. சிறு பறவைகள் இறகைச் சிலிர்த்து, இடையில் காற்றைச் சிறைப்பிடித்து, உருண்டையாக அமர்ந்திருக்கும். நீண்ட இரவைக் கடக்கத் தேவையான கொழுப்பைக் குறுகிய பகலுக்குள் அவை தேடிச் சேர்க்க வேண்டியிருப்பதால், நாம் ஒருமுறை விரட்டிவிட்டாலும் அது அவற்றின் உயிர்ச்சேமிப்பில் கைவைப்பதே ஆகும். எனவே, பறவை இரை தேடுவதை நிறுத்தித் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தால், அதுவே எனக்கு எல்லை, அங்கிருந்து பின்வாங்குகிறேன். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதையும் நான் செய்வதில்லை. அப்படிக் கிடைக்கும் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

கருவியைப் பொறுத்தவரை, குளிரில் பேட்டரி விரைவில் தளர்வதால் மாற்றுப் பேட்டரியைச் சட்டையின் உட்பையில் வைத்திருக்கிறேன். வீடு திரும்பியதும் பையை உடனே திறக்காமல், உள்ளிருக்கும் கேமரா அறையின் வெப்பத்துக்கு வரும்வரை விட்டுவைத்தால் லென்ஸில் நீர் படிவதில்லை.

நடை முடிந்ததும், கண்ட பறவைகளின் பட்டியலைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்டு இணையதளத்தில் நேரத்தோடும் எண்ணிக்கையோடும் பதிகிறேன். வலசைப் பறவைகள் இந்தக் கரையை விட்டுக் கிளம்பும் வாரத்தை அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும். இப்போது முயன்றுகொண்டிருப்பது வாலாட்டியின் அலை போன்ற பறத்தலை. சிறகடித்து மேலேறி, மறுகணம் சிறகை மடக்கிக் கீழே சரியும் அந்தப் பறவையை 400 மி.மீ. லென்ஸ் நீளத்தில் சட்டகத்துக்குள் நிறுத்துவது கடினமாக இருந்ததால், 300 மி.மீ.க்குக் குறைத்து, ஷட்டர் வேகத்தை 1/2500 நொடிக்கு உயர்த்தி எடுக்கிறேன். சிறகு மடங்கிய நிலை சில படங்களில் கூர்மையாகவே பதிந்திருக்கிறது.