கலீனாவில் ஒரு வார இறுதி

அக்டோபர் 10, வெள்ளி

இருட்டிய பிறகுதான் கலீனாவுக்கு வந்து சேர்ந்தோம், நானும் அக்காவும். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் வடமேற்கு மூலை, மூவாயிரம் பேருக்குச் சற்று மேல் இருக்கிற ஊர். மெயின் ஸ்ட்ரீட் தொடங்கும் இடத்தில் பெரிய பச்சைக் கதவுகள், வெள்ளம் வந்தால் இழுத்து மூடுவதற்காம். 1950களில், ஆற்றங்கரையை உயர்த்திக் கட்டியபோது வைத்தது. வேறெதுவும் பார்க்கவில்லை, தூக்கம்.

அக்டோபர் 11, சனி

இலை நிறம் மாறுகிற பருவம், சனிக்கிழமை வேறு, கேட்கவா வேண்டும், நடைபாதையில் கால் வைக்க இடமில்லை. கடைகளில் இனிப்பு, ஒயின், மெழுகுவர்த்தி, பெயர் அச்சடித்த டி-ஷர்ட். எந்தச் சுற்றுலா ஊரிலும் கிடைக்கிற சாமான்தான். அக்காவைக் கடைகளுக்கு விட்டுவிட்டு நான் எதிர்ப்பக்கம் போய் அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தேன். தரைத்தளத்தைக் கண்ணிலிருந்து மறைத்துவிட்டால் மேலே இருப்பது முழுக்க பத்தொன்பதாம் நூற்றாண்டு: செங்கல் சுவர், உயரமான ஒடுங்கிய ஜன்னல்கள், கூரை விளிம்பில் வேலைப்பாடு. 1850களில் அடுத்தடுத்துப் பற்றிய தீயில் மரக் கட்டடங்கள் நிறையப் போய்விட, அப்புறம் செங்கல்லில் எழுப்பியவை இவற்றில் பல. தெரு வேறு வளைந்துகொண்டே போவதால் கடைசி எங்கே என்று தெரிவதேயில்லை, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நடக்க வைத்துவிடுகிறது.

1855இல் திறந்த டிசோட்டோ ஹவுஸ் ஹோட்டல் இன்னும் ஹோட்டலாகவே நடக்கிறது. அடுத்த ஆண்டு லிங்கன் அதன் பால்கனியில் நின்று பேசியிருக்கிறார். அப்போது ஐந்து மாடி, ஊர் நொடித்த பிறகு 1880இல் மேல் இரண்டையும் கழற்றிவிட்டார்கள். மாடி கட்டியதைப் பெருமையாகச் சொல்லும் ஊர்கள் உண்டு, கழற்றியதைச் சொல்லும் ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது.

மாலையில் படிக்கட்டுகள். ஊரே மலைச்சரிவில் அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு தெருவிலிருந்து அடுத்ததற்கு ஏறித்தான் ஆகவேண்டும். 1860இல் அப்பாவின் தோல் சாமான் கடையில் வேலை பார்க்க வந்த யுலிஸீஸ் கிராண்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியானவர், மேலே ஹை ஸ்ட்ரீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். கடை கீழே, வீடு மேலே. அக்கா பாதியிலேயே உட்கார்ந்துவிட்டு, "நீ போயிட்டு வா, நான் இங்கேயே போட்டோ எடுக்கறேன்" என்றாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

இவ்வளவு நேரம் ஆற்றங்கரை ஊரில் சுற்றியும் ஆற்றைப் பார்க்கவில்லை. மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து தெரியாது, கரை மறைக்கிறது. காலையில் நடைப்பாலத்துக்குப் போய்ப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒல்லியாக ஓர் ஓடை. மிசிசிப்பியிலிருந்து நீராவிப் படகுகள் வரிசை கட்டி வந்தது இதில்தான் என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

காரணம் ஊரேதான். சுற்றிலும் ஈயச் சுரங்கம், அதை உருக்க விறகு வேண்டும், மலையிலிருந்த மரத்தையெல்லாம் வெட்டினார்கள், மண் கரைந்து ஆற்றில் இறங்கித் தூர்ந்துபோனது. 1850களிலேயே ரயிலும் வந்து படகுச் சரக்கைப் பிடுங்கிக்கொண்டது. ஈயத்துக்கும் மவுசு குறைய, பல்லாயிரம் பேர் வாழ்ந்த ஊர் சுருங்கியது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை, அதனால் பழையது தப்பித்தது. நேற்று நான் வாயைப் பிளந்து பார்த்த ஜன்னல்களில் பாதியாவது இந்த ஏழ்மையின் புண்ணியம் என்று நினைக்கிறேன். பணக்கார ஊராக இருந்திருந்தால் அந்த இடத்தில் பார்க்கிங் இருந்திருக்கும்.

ஆற்றுக்கு அந்தப்பக்கம் கிராண்டுக்கு 1865இல் ஊர்க்காரர்கள் பரிசாகக் கொடுத்த வீடு. போனபோது தோல்கடை ஆள், உள்நாட்டுப் போர் முடிந்து திரும்பியபோது தளபதி. குடும்பம் பயன்படுத்திய சாமான்கள் பல உள்ளே இருக்கின்றன. ஆனால் ஜனாதிபதியான பிறகு அவர் இங்கே தங்கியது சொற்பம்தான். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை: "சும்மா கொடுத்த வீட்டைப் பூட்டி வெச்சிட்டுப் போயிருக்காரு பாரு!"

இங்கே வருகிறவர்கள் முடிந்தால் சனிக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்கு மெயின் ஸ்ட்ரீட் காலியாக இருந்தது, நடுரோட்டில் நின்றே அண்ணாந்து பார்க்கலாம்.