புதிய நாட்டு நீரிழிவு ஆய்வகம்: யாரிடம் எதைக் கேட்பது

வெளிநாட்டுப் பல்கலைக்கழக நீரிழிவு, வளர்சிதைமாற்ற ஆய்வகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கோ போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலைக்கோ இடம் கிடைத்தவர்கள், பி.ஐ., அதாவது ஆய்வகத்தின் தலைவர், எழுதிய கட்டுரைகளை ஒன்றுவிடாமல் படித்துவிட்டுத்தான் விமானம் ஏறுகிறார்கள். படிக்கட்டும். ஆனால் போன பிறகு அவரை வாரத்துக்கு ஒரு மணிநேரம் தனியாகப் பார்த்தாலே அதிகம். நாள் முழுக்க நிதி விண்ணப்பங்களோடும் மாணவர்களின் வரைவுகளோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் இரண்டு வரிகளில் வந்துபோகிறார்களே டெக்னீஷியன், விலங்குக்கூடப் பணியாளர், ஆய்வுச் செவிலியர், அவர்கள் கையில்தான் உங்கள் முதல் வருடம் இருக்கிறது. பதவியைப் பார்த்து மரியாதையை அளந்து பழகியவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும்.

முதல் வாரம் லேப் மேனேஜரோடு போகும். நுழைவு அட்டை, பாதுகாப்புப் பயிற்சி, ஆர்டர் போடும் முறை, ஃப்ரீசரில் உங்களுக்கான தட்டு எல்லாம் அவர் வழியாகத்தான். மனித ரத்தத்தைக் கையாளும் வேலை என்றால் ஹெபடைடிஸ் பி தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அதைக் கையோடு எடுத்துப் போனால் அலைச்சல் மிச்சம். எலிகளைத் தொடுவதற்கான அனுமதி மட்டும் அவர் கையில் இல்லை. பிரிட்டனில் உள்துறை அமைச்சகத்தின் தனிநபர் உரிமம் வேண்டும், அதற்கு முன் பாடமும் தேர்வும் உண்டு. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தின் விலங்குப் பராமரிப்புக் குழு ஒப்புதல் தந்த திட்டத்தில் உங்கள் பெயர் சேர வேண்டும். இரண்டுமே வாரக்கணக்கில் இழுக்கும். வந்திறங்கிய அன்றே விண்ணப்பித்துவிட்டு, இடைப்பட்ட நாட்களில் செல் வளர்ப்பும், இன்சுலின் போன்றவற்றை அளக்கும் எலைசா சோதனையும் கற்றுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

விலங்குக்கூடத்தில் உங்கள் பட்டத்துக்கு மதிப்பில்லை. எந்த அறைக்குப் போய்விட்டு எந்த அறைக்குப் போகக்கூடாது, எந்தக் கூண்டில் குட்டி பிறந்திருக்கிறது, எந்த எலி சண்டைக்காரன் என்பதெல்லாம் அங்கே வேலை செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: சோதனை நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் கூண்டை மாற்ற வேண்டாம் என்று கூண்டு அட்டையில் எழுதி வைத்து, நேரிலும் சொல்லுங்கள். கூண்டு மாறினாலே எலிக்குப் பதற்றம், பதற்றம் வந்தால் சர்க்கரை ஏறும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போவதும் இதே வகைத் தப்பு.

எலியின் வம்சத்தையும் சரியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பிளாக் 6" என்று மட்டும் எழுதினால் போதாது. சி57 பிளாக் 6 ஜே (J) வகையில் என்என்டி மரபணு பழுதானது, அது இன்சுலின் சுரப்பைப் பாதிக்கும். "என்" (N) வகையில் அந்தப் பழுது இல்லை. ஒரு குழு "ஜே", ஒப்பீட்டுக் குழு "என்" என்று கலந்துவிட்டால், மருந்தால் வந்த வித்தியாசமா வம்சத்தால் வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதிகக் கொழுப்புத் தீவனம், அதாவது 60 சதவீதக் கலோரி கொழுப்பிலிருந்து வருவது, வெளியில் வைத்தால் காறிவிடும். குளிரில் வைத்து, வாரம் ஒரு முறையாவது புதிதாக மாற்ற வேண்டும். அது மென்மையானது, உதிர்ந்து கூண்டுக்குள் சிந்தும். அதனால் எடை போட்டுக் கணக்கிடும் தீவன அளவை அப்படியே நம்பாதீர்கள்.

எந்த ஆய்வகத்துக்குப் போனாலும் முதலில் கையில் கொடுக்கப்படுவது, செலுத்திய சர்க்கரையை உடல் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்க்கும் குளுக்கோஸ் தாங்குதிறன் சோதனைதான். கேட்க எளிது, ஆளுக்கு ஆள் முடிவு மாறுவதும் இதில்தான். காலையில் ஆறு மணிநேரம் தீவனத்தை எடுத்துவிட வேண்டும், தண்ணீரை எடுக்கக்கூடாது. எலியைச் சுத்தமான கூண்டுக்கு மாற்றியே பட்டினி போட வேண்டும், ஏனென்றால் பழைய படுக்கையில் தீவனத் துணுக்கு கிடக்கும். மாற்ற வேண்டாம் என்று முன்பு சொன்னது பணியாளர்களின் வழக்கமான கூண்டு மாற்றத்தை. இதைப் பட்டினி தொடங்கும்போதே நீங்கள் செய்துவிட வேண்டும். இரவு முழுக்கப் பட்டினி போடுகிற பழக்கம் சில ஆய்வகங்களில் இன்னும் இருக்கிறது. எலி இரவில் தின்னும் பிராணி. அந்த நேரத்தில் 16 மணிநேரம் பட்டினி போட்டால் ஈரலின் கிளைகோஜன் தீர்ந்து, உடல் எடையும் கணிசமாக இறங்கிவிடும். அப்போது நாம் அளப்பது கிட்டத்தட்ட ஒரு பஞ்ச நிலையை.

20 சதவீதக் குளுக்கோஸ் கரைசலை ஒரு கிராம் எடைக்கு 10 மைக்ரோலிட்டர் வீதம் வயிற்றறைக்குள் செலுத்தினால், கிலோவுக்கு 2 கிராம் ஆகிறது. 25 கிராம் எலிக்கு 250 மைக்ரோலிட்டர். வால் நுனியில் சிறிதாகக் கீறி, முதல் சொட்டைத் துடைத்துவிட்டு அடுத்த சொட்டை அளக்க வேண்டும். நேரம் 0, 15, 30, 60, 90, 120 நிமிடம். எலிக்கு எலி ஒரு நிமிட இடைவெளி விட்டால் ஒருவர் ஊசி போட, ஒருவர் அளக்க, 12 எலி வரை நிதானமாகச் செய்யலாம். 15-ஐத் தாண்டினால் 15-வது நிமிட அளவும் கடைசி ஊசிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஊசி குடலுக்குள்ளோ தோலுக்கடியிலோ போயிருந்தால் சர்க்கரைக் கோடு ஏறாமல் தட்டையாகக் கிடக்கும். சந்தேகப்பட்ட எலியை அந்த நிமிடமே குறிப்பேட்டில் எழுதுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் அதற்குப் பெயர் வேறு.

பருத்த எலிகளில் இன்னொரு சிக்கல். மொத்த எடைக்குக் கணக்கிட்டால் கொழுப்புக்கும் சேர்த்துக் குளுக்கோஸ் கொடுக்கிறோம், ஆகவே எலி உள்ளதைவிட மோசமாகத் தெரியும். டோஸைக் குறைப்பதா, கொழுப்பற்ற எடைக்குக் கணக்கிடுவதா என்பதை அந்த ஆய்வகத்தின் பழைய முறையைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பல குளுக்கோமீட்டர்கள் டெசிலிட்டருக்கு 600 மி.கி.யைத் தாண்டினால் எண் காட்டாது, "ஹை" என்றுதான் காட்டும். 600 என்று எழுதிவைத்து நகர்வது பரவலான பழக்கம், கெட்ட பழக்கமும்கூட. அலகையும் பாருங்கள். கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்பதுதான். அதை 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய மி.கி. கிடைக்கும், அங்கே 7 என்றால் இங்கே 126.

இன்சுலின் செலுத்தினால் சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் இன்சுலின் தாங்குதிறன் சோதனையில் ஆபத்து தசமப் புள்ளியில் இருக்கிறது. புட்டியில் மி.லி.க்கு 100 யூனிட். அதே கிராமுக்கு 10 மைக்ரோலிட்டர் வீதத்தில் கிலோவுக்கு 0.75 யூனிட் கொடுக்க, ஊசியில் இருக்க வேண்டியது மி.லி.க்கு 0.075 யூனிட். ஒரே தாவலில் நீர்க்கச் செய்யாமல் முதலில் நூறு மடங்கு நீர்த்து, அதிலிருந்து 75 மைக்ரோலிட்டர் எடுத்து ஒரு மி.லி. ஆக்குங்கள். இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும், அதனால் உப்புநீரில் 0.1 சதவீதம் மாட்டு ஆல்புமின் சேர்ப்பார்கள். கணக்கை இன்னொருவரிடம் காட்டாமல் ஊசியைத் தொடவேண்டாம். 20 சதவீதக் குளுக்கோஸ் பக்கத்தில் தயாராக இருக்கட்டும். 40 மி.கி.க்குக் கீழே போய்த் துவளும் எலிக்கு உடனே கொடுக்க வேண்டும்.

கணையத் தீவுகளை, அதாவது இன்சுலின் சுரக்கும் செல் கூட்டங்களை, பிரிப்பது முழுக்கக் கைப்பழக்கம். அதைச் செய்து செய்து தேர்ந்தவர் பெரும்பாலும் ஒரு டெக்னீஷியனாக இருப்பார். பித்தநாளம் குடலைச் சேரும் இடத்தில் கிளிப் போட்டு, நாளம் வழியாக 2 முதல் 3 மி.லி. குளிர்ந்த கொலாஜினேஸ் நொதி செலுத்திக் கணையத்தை உப்பவைக்க வேண்டும். பிறகு 37 டிகிரியில் பன்னிரண்டு, பதினைந்து நிமிடம். குறைந்தால் தீவைச் சுற்றிச் சதை ஒட்டியிருக்கும், கூடினால் ஓரம் பிய்ந்து சிதறும். நொதியின் வீரியம் லாட்டுக்கு லாட்டு, அதாவது தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி, மாறும். நல்ல ஆய்வகங்கள் சில லாட்டுகளைச் சிறிதளவு வரவழைத்துப் பரிசோதித்து, தேறியதை மொத்தமாக வாங்கிவைக்கின்றன. லாட் எண் எழுதாத குறிப்பேடு பாதிக் குறிப்பேடுதான். ஒருமுறை வந்த முடிவு மறுமுறை வராமல் போவது, 1922 வசந்த காலத்தில் டொராண்டோவில், இன்சுலின் கண்டுபிடித்த குழுவின் உயிர்வேதியியலாளர் கோலிப்புக்கே நேர்ந்தது. தான் சுத்திகரித்த இன்சுலினைப் பேரளவில் செய்யப்போன அவரால், சில வாரங்களுக்கு அதை மறுபடி எடுக்கவே முடியவில்லை.

மருத்துவமனைப் பக்கம் ஆய்வுச் செவிலியர்தான் எல்லாம். தன்னார்வலர் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த நீரை ஐந்து நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும், இரண்டு மணிநேரம் உட்கார்ந்தே இருக்க வேண்டும். நீங்கள் பனிக்கட்டியோடு வாசலில் நிற்கிறீர்களா என்பது செவிலியருக்கு முக்கியம். பிரிக்காத ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும், மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் குறையும். ஃபுளோரைடு குழாயும் முதல் ஒரு மணிநேரத்தில் இதை முழுதாகத் தடுக்காது. சிவப்பணு உடைந்த மாதிரியில் இன்சுலின் சிதைந்துவிடும். குழாய் மூடியின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே நிறத்தை நம்பாமல் லேபிளைப் படியுங்கள்.

வாராந்திரக் கூட்டத்தில் பேசாமல் தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். புரியாததை அங்கேயே கேட்கலாம், பேராசிரியரைப் பெயர் சொல்லி மறுக்கவும் செய்யலாம், யாரும் தப்பாக எடுப்பதில்லை. ஆசிரியர் வரிசையை மட்டும் வேலை தொடங்கும்போதே பேசி, மின்னஞ்சலில் பதிந்துகொள்ளுங்கள். இன்சுலின் கண்டுபிடிப்புக்கான 1923 நோபல் பரிசு பான்டிங்குக்கும், ஆய்வகத் தலைவர் மெக்லியாடுக்கும் போனது. பான்டிங் தன் பணத்தில் பாதியை உடன் வேலை செய்த மாணவர் பெஸ்ட்டுக்கும், மெக்லியாட் பாதியை கோலிப்புக்கும் கொடுத்தார்கள். அப்படியும் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சச்சரவு ஓயவில்லை.

கடைசியாக ஒருவர்: துறையின் நிதி அலுவலர். உங்கள் சம்பளம் எந்த நிதியில் வருகிறது, அது எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அவரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள். நீட்டிப்பு வரும் என்று பி.ஐ. சொல்வது நல்லெண்ணத்தில்தான், ஆனால் விசா அலுவலகம் ஒப்பந்தத் தேதியை மட்டுமே பார்க்கும். முடிவுத் தேதிக்கு ஆறு மாதம் முன்பே இந்தப் பேச்சை எடுத்தால், வேறு ஆய்வகம் தேடவும் மைனஸ் 80 ஃப்ரீசரில் உள்ள உங்கள் பெட்டிகளின் பட்டியலை அடுத்தவரிடம் ஒப்படைக்கவும் நேரம் இருக்கும்.