கடைமடையில் கண்வலிக்கிழங்கு

வேதாரண்யம் பக்கத்து மணலில் கண்வலிக்கிழங்கு, அதாவது செங்காந்தள், போட்டவர்களுக்கு ஐப்பசி வந்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆடியில் ஊன்றிய கிழங்கு கொடி ஏறிப் பூத்துக் காய் பிடிக்கிற நேரம் பார்த்து மழை வரும், கூடவே இலைக்கருகல். பழுப்புப் புள்ளி, சுற்றி மஞ்சள் வளையம். தூறல் விடாமல் பிடித்தால் புள்ளிகள் ஒன்றுகூடி இலை தீய்ந்துபோகும். இந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது; இலை நுனியே சுருண்டு பந்தலைப் பிடிக்கும். இலை போனால் சோறும் போச்சு, பிடிமானமும் போச்சு.

பயிர் நோய் ஆய்வுத் திட்டம் ஒன்றில் களப்பணிக்கு வந்தபோது எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. செடி முழுக்க கால்சிசின் விஷம். கிழங்கைத் தின்றால் ஆள் பிழைப்பது கஷ்டம். ஆனால் இலைக்கருகலைக் கொண்டுவரும் ஆல்டர்னேரியா பூஞ்சை அதைச் சட்டையே செய்வதில்லை. கால்சிசின் நம் செல்லின் டியூபுலின் புரதத்தைப் பிடித்துச் செல் பிரிவதை நிறுத்தும். பூஞ்சையின் டியூபுலினில் அவ்வளவாக ஒட்டாது. கடையில் கொடுக்கும் கார்பென்டசிம் பூஞ்சை டியூபுலினைப் பிடிக்கிற மருந்துதான், ஆனாலும் ஆல்டர்னேரியா இயல்பிலேயே அதற்கு அசையாது. மேங்கோசெப் என்ற மருந்துக்குக் கேட்கும். விதையோ மருந்துக் கம்பெனிக்குப் போவது, தெளித்த மருந்தின் எச்சம் பற்றிய கவலை தனி.

எங்கள் வேலை செடியையே உசுப்பிவிடுவது. ஊன்றும்போது கிழங்கைச் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியா கலந்த வெள்ளைப் பொடியின் கரைசலில் நனைப்போம், பிறகு இலையிலும் தெளிப்போம். சில பாத்திகளுக்குச் சாலிசிலிக் அமிலம், கொஞ்சம் கூடினால் இலையே பொசுங்கும். இவை செடிக்கு வரும் எச்சரிக்கை மாதிரி. அதன்பின் பூஞ்சை வந்தால் செடி சீக்கிரம் முழித்துக்கொள்ளும்: பூஞ்சையைத் தடுக்கும் பீனால்கள் சேரும், பெராக்சிடேஸ் என்ற நொதி செல்சுவரைக் கெட்டிப்படுத்தும், கைட்டினேஸ் என்ற நொதி பூஞ்சையின் சுவரை அரிக்கும்.

ஆய்வகத்தில் பெராக்சிடேஸ் கூடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இலைச் சாற்றில் குவாயகால் என்ற வேதிப்பொருளும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டால் நிறமில்லாத கரைசல் செம்பழுப்பாகும். உசுப்பிய இலையின் சாறு மளமளவென்று நிறம் ஏறும், மற்றது மெல்ல. எனக்கு அந்தக் குழாய்களைப் பார்ப்பதில் அலுப்பே வந்ததில்லை. வயலில் காட்டத்தான் ஒன்றும் இருக்காது.

"ஏம்மா, இலை பச்சப்பசேல்னு இருக்கு, இதுக்குப் போய் மருந்தா?" என்று வயல்காரப் பெரியவர் கேட்டார்.

"புள்ளி விழுந்தப்புறம் அடிச்சுப் பிரயோசனமில்லைங்கய்யா. செடி தயாராக நாள் ஆகும்."

நம்பவில்லை. ஆனாலும் சாயங்காலம்தான் அடிக்க வேண்டும், வெயில் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், தாமிர மருந்தோடு கலக்கக் கூடாது என்றெல்லாம் சொன்னதைத் தட்டாமல் செய்தார். நோயை இது அடியோடு ஒழிக்காது என்பதையும் மறைக்காமல் சொல்லியிருந்தேன். எல்லாவற்றையும் தீர்க்கும் என்று விற்றவர்களால்தான் இந்த மருந்துகளின் பேர் கெட்டது என்பது என் எண்ணம்.

மழை வந்தது. தெளித்த பாத்திகளிலும் புள்ளி விழுந்தது, ஆனால் கீழ் இலைகளோடு நின்றது. ஒப்பீட்டுக்காக வெறுமனே விட்ட பாத்தியில் நடுக்கொடி வரை கருகியது. அடுத்த முறை கணக்கெடுக்கப் போனபோது அந்தப் பாத்தி இலைகளிலும் வெள்ளைப் பொடி படிந்திருந்தது.

"கண்ணு முன்னாடி கருகுது, பாத்துக்கிட்டே இருக்கச் சொல்றியா?" என்றார் பெரியவர். மிச்சமிருந்த சூடோமோனாஸ் மொத்தத்தையும் கரைத்து அடித்திருக்கிறார். கருகிய இலைக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. ஒப்பீட்டுப் பாத்திதான் கணக்கில் இல்லாமல் போனது.