வரிசை எண் படுத்திய பாடு

மார்ச் 3
பாக்கித் தொகை அறிக்கையில் முதல் நெடுவரிசையாக வரிசை எண் வேண்டுமாம். கணக்குப் பிரிவிலிருந்து கேட்டார்கள். அரை மணி நேர வேலை என்று வாய்விட்டேன்.

அட்டவணையில் தானாகக் கூடும் ஐடி நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது, அதையே காட்டிவிட்டேன். 1, 2, 5, 9 என்று வந்தது. பதிவுகளை நீக்கினால் அவற்றின் எண்ணும் போய்விடும், மற்றவை நகர்ந்து இடத்தை நிரப்பா. "மூன்றும் நான்கும் எங்கே?" என்று கேட்பதற்குள் எடுத்துவிட்டேன்.

மார்ச் 4
எங்கள் தரவுத்தளம் ஆரக்கிள் என்பதால், வரிகளுக்கு அதுவே எண் தரும் ரோநம் போட்டேன். கூடவே அடுக்குவதற்கு ஆர்டர் பை. எண்கள் 7, 2, 31 என்று குலுக்கிப் போட்டதுபோல் வந்தன. வரிகளை எடுக்கும்போதே எண் ஒட்டிவிடுகிறது, அடுக்குவது அதற்குப் பிறகுதான். அடுக்கிய வினவலை (தரவுத்தளத்திடம் தரவு கேட்கும் கட்டளையை) உள்ளே வைத்து, வெளியே எண் கொடுத்தபின் சரியானது.

அடுத்த பக்கத்துக்காக 'ரோநம் 10க்கு மேல்' என்று நிபந்தனை வைத்தேன். ஒரு வரிகூட வரவில்லை! முதலில் வரும் வரிக்கு எண் 1. அது பத்துக்கு மேல் இல்லை, தள்ளுபடி. அடுத்து வருவதற்கும் மறுபடி 1, அதுவும் தள்ளுபடி. கடைசி வரி வரைக்கும் எல்லோரும் ஒன்றாம் எண்ணோடு வந்து வாசலிலேயே திரும்பியிருக்கிறார்கள். காரணம் புரிந்ததும் தனியாகச் சிரித்தேன்.

மார்ச் 5
பேசாமல் ரோ_நம்பர் என்ற வேறொரு எண்ணிடும் செயற்கூறுக்கு மாறிவிட்டேன். எந்த வரிசைப்படி எண்ண வேண்டும் என்பதை ஓவர் என்ற அடைப்புக்குள்ளேயே சொல்லிவிடலாம். வினவல்களை எழுதும் மொழியான எஸ்க்யூஎல்லின் 2003 தரத்திலேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்துக்கு 2009இல் வந்தது, மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொன்றுக்கு 2018இல், எட்டாம் பதிப்போடு. அதற்கு முன் அங்கே ஒரு மாறியை வரிக்கு வரி கூட்டிக்கொண்டே போவோம். நானும் அப்படி எழுதியவன்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

இதையும் அதே வினவலில், வரிகளை வடிகட்டும் 'வேர்' (WHERE) நிபந்தனையில் வைக்க முடியாது. அது வடிகட்டி முடித்த பிறகே எண் பிறக்கிறது. மறுபடியும் உள்வினவல்.

மார்ச் 7
"நேற்று 14இல் இருந்தவர் இன்று 15இல் இருக்கிறாரே, தொகை மாறவே இல்லையே?" என்று தொலைபேசி. இருவருக்கும் ஒரே பாக்கி. சமமாக இருந்தால் யாரை முன்னால் வைப்பது என்று நான் சொல்லவில்லை, தரவுத்தளம் தன் வசதிப்படி வைத்தது. தொகைக்குப் பின்னால் வாடிக்கையாளர் எண்ணையும் சேர்த்தேன். இனி ஆடாது.

ஒரே தொகைக்கு ஒரே எண் தரலாமே என்றார்கள். ரேங்க் போட்டால் 14, 14, 16. டென்ஸ்_ரேங்க் என்றால் 14, 14, 15. இரண்டையும் அச்செடுத்துக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பழையதே போதும் என்றார்கள்.

மார்ச் 10
கிளைவாரியாக மறுபடி 1இலிருந்து எண் வேண்டுமாம். கிளைகளாகப் பிரித்து எண்ண பார்ட்டிஷன் பை. ஐந்து நிமிடம்.

மார்ச் 12
"14ஆம் எண்ணுக்கு நினைவூட்டல் அனுப்பப்பட்டது" என்று கோப்பில் குறித்துவருகிறார்களாம்! மேலே இருந்த ஒருவர் பணம் கட்டியதும் கீழே இருந்த எல்லோரும் ஒரு படி ஏறிவிட்டார்கள். இப்போதைய 14 வேறு ஆள். அவருக்கு நினைவூட்டலே போகவில்லை, கோப்பின்படி போய்விட்டது. தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளத்துக்கு அடிக்கல் நாட்டிய எட்கர் காட், வரிகளின் வரிசைக்குப் பொருளில்லை என்று 1970லேயே எழுதிவிட்டார். கணக்குப் பிரிவுக்கு அதைச் சொல்ல வேண்டியவன் நான்தான், சொல்லவில்லை.

வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் வாடிக்கையாளர் எண்ணைத் தடித்த எழுத்தில் சேர்த்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இரண்டு எண் எதற்கு? ஒன்றை எடுத்துவிடுங்கள்." நாளை பத்து மணிக்கு நேரில் போகிறேன்.