வியாழக்கிழமை வண்டலூர்

அரையாண்டு லீவுக்குப் பிள்ளைகளை ஜூவுக்குக் கூட்டிப் போவதாக வாக்குக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரருக்கு வார விடுமுறை செவ்வாய். வண்டலூர் பூங்காவுக்கும் வழக்கமாக விடுமுறை அன்றைக்குத்தான்! அவர் லீவு போட, வியாழன் என்று முடிவானது.

ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் கார் வேண்டாம். மின்சார ரயிலில் தாம்பரம், பெருங்களத்தூர் தாண்டினால் வண்டலூர் ஸ்டேஷன். ஒன்பது மணிக்குத் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் புலியும் சிங்கமும் நிழலில் படுத்துத் தூங்கும். சின்னவன் "எழுப்புங்கம்மா" என்று அழுவான்.

அத்தைக்கு முழங்கால் வலி. சுமார் 600 ஹெக்டேரை நடந்து பார்ப்பதெல்லாம் நடக்காது, பேட்டரி வண்டிதான். ஆனால் அதிக ஆசை அவருக்குத்தான்! 1985-இல் இங்கே மாறுவதற்கு முன், மூர் மார்க்கெட் பக்கம் இருந்த பழைய ஜூவைப் பார்த்தவராயிற்றே. "அங்கே எல்லாம் கூண்டுதான்டி" என்று பிள்ளைகளிடம் கதை ஆரம்பித்துவிட்டார்.

பிளாஸ்டிக்குக்குத் தடை என்பதால் தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில். புளியோதரை வெளியே வந்த பிறகு.

டிசம்பரில் பூங்காவுக்குள் இருக்கும் ஓட்டேரி ஏரிப் பக்கம் பறவைகள் வரும். சமீபத்தில் போனவர்கள் யாராவது, இப்போது தண்ணீர் நிறைய இருக்கிறதா சொல்லுங்கள்.