டெர்மினலில் தங்கிவிட்ட 34

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஹார்டுவேர் கடை, புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இன்னொன்று. இரண்டுக்கும் பில் போடும் புரோகிராம் நான் எழுதியதுதான். ஜிஎஸ்டியில் தமிழ்நாட்டின் மாநிலக் குறியீடு 33, புதுச்சேரிக்கு 34. அதை என்விரான்மென்ட் வேரியபிளில் (புரோகிராம் ஓடும்போது வெளியிலிருந்து படித்துக்கொள்ளும், பெயரிட்ட மதிப்பு) வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் புதுச்சேரி வேலைக்காக, கட்டளை அடிக்கும் டெர்மினலில் 34 என்று எக்ஸ்போர்ட் செய்தேன், அதாவது அந்த வேரியபிளில் ஏற்றினேன். அப்புறம் அதே டெர்மினலில் கடலூர் ஃபோல்டருக்குப் போய் மொத்த பில்லையும் ஓட்டிவிட்டேன். ஃபோல்டர் மாறினால் எக்ஸ்போர்ட் செய்தது போய்விடுமா என்ன?

மதியம் கடைக்காரர் போன். "தம்பி, பக்கத்துத் தெரு ஆளுக்குப் போய் ஐஜிஎஸ்டி போட்டிருக்கே?"

ஐஜிஎஸ்டி வெளிமாநில விற்பனைக்கான வரி. கடையே புதுச்சேரியில் இருப்பதாக நினைத்து, புரோகிராம் உள்ளூர் விற்பனையை எல்லாம் வெளிமாநில விற்பனையாகக் கணக்குப் போட்டிருந்தது. நல்லவேளை, பார்ட்டிகள் கைக்குப் போகவில்லை.

அன்றிரவே, ஃபோல்டருக்கு ஏற்ப வேரியபிள்களை மாற்றும் டைர்என்வ் (direnv) என்ற கருவியைப் போட்டேன். ஒவ்வொரு ஃபோல்டரிலும் டாட் என்வ்ஆர்சி (.envrc) என்று ஒரு ஃபைல். உள்ளே நுழைந்தால் வேரியபிள் ஏறும், வெளியே வந்தால் இறங்கும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. டெர்மினலில் கட்டளைகளை ஓட்டுவது பாஷ்; அது தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலின் கடைசியில், டைர்என்வை அதோடு இணைக்கும் ஹூக் வரியைச் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்ததும் 'பிளாக்டு' என்றது. ஃபைலைத் திருத்தும் ஒவ்வொரு தடவையும் 'டைர்என்வ் அலவ்' கொடுக்க வேண்டும். தொல்லைதான், ஆனால் நியாயமான தொல்லை: அதற்குள் இருப்பது ஓடக்கூடிய பாஷ் கோடு. யாரோ கொடுத்த ஃபோல்டருக்குள் நுழைந்ததுமே அது தானாக ஓடினால் என்ன ஆவது?

என்னை ஒரு மணி நேரம் சுற்றவிட்டது வேறு. டேட்டாபேஸ் முகவரி இரண்டு கடைக்கும் பொது என்பதால் மேல் ஃபோல்டரில் வைத்தேன், மாநிலக் குறியீட்டைக் கடை ஃபோல்டரில். கடைக்குள் போனால் குறியீடு இருக்கிறது, முகவரியைக் காணோம்! டைர்என்வ் மிக அருகில் உள்ள ஃபைலை மட்டும்தான் எடுக்கும். மேலே இருப்பதைத் தானாகச் சேர்க்காது. உள் ஃபைலின் முதல் வரியில் 'சோர்ஸ் அப்' என்று எழுதியதும் இரண்டும் வந்தன. முதல் வரி என்பது முக்கியம். கடைசியில் எழுதினால், ஒரே பெயர் இரண்டு இடத்திலும் இருக்கும்போது மேலே உள்ளதே ஜெயித்துவிடும்.

மறுநாள் ராத்திரி பேக்கப் ஓடவில்லை. அதை ஓட்டுவது கிரான், குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்குவது. ஹூக் ஓடுவது, அடுத்த கட்டளைக்காகக் காத்திருக்கும் ப்ராம்ப்ட் வரும்போதுதான். கிரானில் ப்ராம்ப்ட் வராது, அதனால் ஹூக்கும் ஓடாது. அங்கே மட்டும் 'டைர்என்வ் எக்ஸெக்' என்று போட்டு, ஃபோல்டர் பாதையையும் கட்டளையையும் பின்னால் கொடுத்தேன். அதன் பிறகு ஓடியது.