கார் ஸ்டீரியோ வாங்கப் போகிறீர்களா? பிளேயரையும் கையோடு எடுத்துப் போங்கள்

கைக்கு ஒரு போன் வந்த பிறகும் ஆப்பிளின் பழைய பாட்டுப் பிளேயரான ஐபாட் கிளாசிக்கை விடாமல் வைத்திருப்பவர்களில் நானும் ஒருவன். 2014-லேயே ஆப்பிள் அதை நிறுத்திவிட்டது. இருந்தாலும் 160 ஜிபி முழுக்கப் பாட்டு, சிக்னல் இல்லாத மலைப்பாதையிலும் நிற்காது, நடுவில் போன் கால் வந்து கெடுக்காது. அதைக் காரில் கேட்க ஒரு ஸ்டீரியோ வேண்டும் என்று கடைக்குப் போனால் முதலில் காட்டுவது அட்டைப்பெட்டி மேல் இருக்கும் '50 வாட் x 4'. அதை விடுங்கள், அது உச்ச அளவு. தொடர்ந்து கிடைக்கும் சக்தி, அதாவது ஆர்எம்எஸ், பெரும்பாலும் 20 வாட்டை ஒட்டித்தான் இருக்கும், எந்தக் கம்பெனி என்றாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. பார்க்க வேண்டியது பிளேயர் அதோடு எப்படிப் பேசும் என்பதைத்தான்.

முன்பக்கம் யுஎஸ்பி இருக்கிறது, போதும் என்று நினைத்துவிடாதீர்கள். பல செட்டுகளில் அது பென்டிரைவுக்கு மட்டும்தான். ஐபாட் தன் பாட்டுகளை மறைவான ஒரு ஃபோல்டருக்குள் நான்கெழுத்துப் பெயர்களில் போட்டு வைக்கும். அதைப் பென்டிரைவாக நினைத்துப் படிக்கிற செட் ஒன்று 'நோ ஃபைல்' என்று சொல்லும், இல்லை தலையும் வாலும் புரியாத பெயர்களைக் காட்டும். ஐபாடைப் புரிந்துகொள்ளும் செட்டில்தான் ஆல்பம், பாடகர், பிளேலிஸ்ட் எல்லாம் வரிசையாக வரும், சார்ஜும் ஏறும், ஸ்டீரியோ பட்டனிலேயே பாட்டை மாற்றலாம். 'மேட் ஃபார் ஐபாட்' என்று போட்டிருந்தாலும் மேனுவலில் உங்கள் மாடல் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், புதிய செட்டுகள் சில ஐபோனோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆண்ட்ராய்டு பிளேயர் வைத்திருப்பவர்களும் போட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம், ஆண்ட்ராய்டு யுஎஸ்பி வழியாக ஃபைல்களைக் கொடுக்கும் எம்டிபி முறையைப் படிக்காத செட்டுகள் நிறைய.

அது அமையாவிட்டால் ஆக்ஸ், அதாவது ஒயர் போட்டுப் பாட்டை நேராக ஸ்டீரியோவுக்குள் விடும் ஓட்டை. ஹெட்போன் ஓட்டையிலிருந்து எடுப்பதை விட, ஐபாடின் அடியில் இருக்கும் 30 பின் இணைப்பிலிருந்து லைன் அவுட் கேபிள் (பிளேயரின் வால்யூமைத் தாண்டிப் பாட்டை நேராக அனுப்பும் ஒயர்) போட்டு எடுங்கள், சத்தம் தெளிவாக இருக்கும், இரண்டு வால்யூமோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் பாட்டு மாற்ற பிளேயரைத்தான் தொட வேண்டும், ஓட்டும்போது அது ஆபத்து. இன்னொன்று, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆக்ஸில் கேட்டால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க 'ஙொய்ய்ய்' என்று ஒரு சத்தம் கூடவே ஏறும். ஸ்பீக்கர் போய்விட்டது என்று மெக்கானிக்கிடம் ஓட வேண்டாம், அது கிரவுண்ட் லூப், சார்ஜர் ஒயரும் ஆக்ஸ் ஒயரும் இரண்டு வழியாக எர்த்தைத் தொடுவதால் வரும் இரைச்சல். நடுவில் ஓர் ஐசோலேட்டர் மாட்டினால் அடங்கிவிடும்.

பிளேயரின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு அனுப்பும் எஃப்எம் டிரான்ஸ்மிட்டரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சென்னை மாதிரி ஊரில் காலியான அலைவரிசை கிடைப்பதே கஷ்டம், கிடைத்தாலும் எஃப்எம்மில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது, சலங்கை ஒலியும் ஜால்ராவும் மங்கிப்போகும். கிளாசிக்கில் புளூடூத் இல்லவே இல்லை.

பாட்டுப் பெயர்களைத் தமிழில் வைத்திருந்தால் டிஸ்பிளேயில் கட்டம் கட்டமாக வருகிறதா என்றும் பாருங்கள், பல செட்டுகளில் தமிழ் எழுத்துரு கிடையாது. இதையெல்லாம் வாங்கும் முன்பே பார்த்துவிடலாம். கார் உதிரிப் பொருட்கள் விற்கும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி இடங்களில் கேட்டால் கடையிலேயே 12 வோல்ட் கொடுத்து செட்டை ஓட்டிக் காட்டுவார்கள். மாட்டும்போது உங்கள் காரின் ஒயரோடு செட்டை இணைக்கும் கப்ளர் கேளுங்கள், ஒயரை வெட்ட விடாதீர்கள். கிளம்பும் முன் சாவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பாருங்கள். செட்டிங் எல்லாம் அழிந்து போனால் எப்போதும் கரண்ட் வரும் மஞ்சள் ஒயரும் சாவி போட்டால் மட்டும் வரும் சிவப்பு ஒயரும் இடம் மாறியிருக்கலாம், அங்கேயே மாற்றித் தரச் சொல்லுங்கள்.